முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஆள்

ஞாயிறு காலைக் காட்சி, இங்கிலீஷ் படம்.
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்.
இருபது வளைவும் இறங்கி
கோரிமேட்டில்தான் காதடைப்பு விட்டது.

கதை எனக்கு முன்பே தெரியும்.
கிளப்பில் பில்லியர்ட்ஸ் புள்ளி குறிப்பவன் நான்.
பழைய புத்தகங்களை எடைக்குப் போட்ட அன்று
பட்லர் தேவசகாயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்,
நான் ஒன்றை வேட்டிக்குள் செருகிக்கொண்டேன்.
பொன்னெழுத்து அட்டை. உள்ளே பூச்சி போட்ட சந்துபொந்து.
போன நூற்றாண்டுக்காரர் ஒருவர்
தனக்கும் அறுநூறு வருஷம் முந்தைய சண்டையை
பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி எழுதியிருந்தார்.
ஒரு மழைக்காலமும் ஒரு காப்பிப் பறிப்பும் ஆயிற்று முடிக்க.
அகராதி பாதி, ஊகம் பாதி.

முற்றுகை, துரோகம், யாருக்கோ சேரவேண்டிய கிரீடம்
எல்லாம் எனக்கு மூடுபனிதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும்
ஒரு குதிரைக்காரன் தெளிவாக நின்றான்.
பெயர் இல்லை.
முழங்கால் புதையும் பனியில்
எசமானின் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
எசமான் மாடிக்குப் போய்க் காதலைச் சொல்லி இறங்க
எட்டுப் பக்கம் ஆகிறது.
வெளியே ஒருவன் நிற்கிறான் என்பது
எழுதியவருக்கே மறந்துபோய்
ஒன்பதாம் பக்கத்தில் குதிரை தானாக வந்துவிடுகிறது.

கிளப் சுவரில் ஒரு போட்டோ உண்டு.
துரை, குதிரை, கடிவாளத்தில் ஒரு கை.
முழங்கையோடு சட்டம் முடிந்துவிடும்.
கறுப்பு வெள்ளைதான், ஆனால்
குதிரை செவலை என்று எனக்குத் தெரியும்.
கைக்குப் பெயர் மாதையன்.
எனக்கு ஏழு வயதிருக்கும்போது
மலைக்காய்ச்சலில் போனார்.

ஏழணா டிக்கெட். பெஞ்சு.
இருபுறமும் வெள்ளைக்கல் சுரங்கத்து ஆட்கள்,
குளித்துவிட்டு வந்தும் புருவத்தில் மாவு.
வாள் உரசியபோது விசில்,
முத்தத்தை சென்சார் நறுக்கிய இடத்தில் அதைவிடப் பெரிய விசில்.
புத்தகத்தில் செத்தவர் படத்தில் சாகப்போவதில்லை
என்று இடைவேளைக்கு முன்பே புரிந்துவிட்டது.
அதில் எனக்கு வருத்தமில்லை.
பணம் போட்டவன் பயம் அவனுக்கு.

பனி வந்தது.
கோட்டை வந்தது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
வீரன் குதித்திறங்கி
குதிரையை ஒரு மரத்தில் கட்டினான்.

மரத்தில்.

போர்க்களத்துக்கு ஐயாயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு
இந்த ஓர் ஆளுக்குக் கூலி கட்டவில்லை.

"இங்க ஒருத்தன் வரணும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பக்கத்தில் இருந்தவர் ஆவலோடு திரும்பினார்.
"யாரு, வில்லனா?"
"இல்லீங்க."
"அந்தப் பொண்ணோட அண்ணனா?"
"குதிரை பிடிக்கிற ஆளு."
என்னை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு
பொட்டலத்தை நீட்டினார். வறுத்த கடலை, இன்னும் சூடு.

மேலே காதல் நடந்தது.
அவள் அழ, அவன் கையுறையைக் கழற்ற,
எனக்குப் புரியாத இசை ஒன்று ஏறிக்கொண்டே போக,
நான் அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தேன்.
கீழே, காகிதப் பனிக்குள், சின்னதாக, குதிரை.
மரத்தடியில் அலுத்து நின்றது
திடீரென்று இடப்பக்கம் தலையைத் திருப்பி
இரண்டு காதையும் முன்னால் விறைத்தது.
மூக்கை நீட்டியது.

பழகின ஆள் பக்கத்தில் நின்றால் மட்டுமே
குதிரை அப்படிச் செய்யும்.

இரண்டு விநாடி இருக்கலாம்.
பிறகு அவள் முகம் திரை முழுக்க வந்து
ஜன்னலை மறைத்துக்கொண்டது.

வெளியே வந்தால் பதினோரு மணி வெயில் கண்ணில் அறைந்தது.
கடலைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார்.
"கடைசி வரைக்கும் நானும் பாத்தேன். உங்க ஆளு வரலியே?"
"வந்தான்."
"எப்போ?"
அஸ்தம்பட்டி திருப்பத்தில்
பஸ் வந்துவிட்டது.